ஏழு பல் போன ரம்பம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியோ பல்செட்டுக்கு வந்துவிடுகிறது. ஒருவருக்கு அது ஈறில் உரசுகிறதாம், இன்னொருவருக்கு முறுக்கைப் பார்த்துப் பெருமூச்சுதான் விட முடிகிறதாம். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் பல்செட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டுதான் பாயசத்தையே தொட்டாள். "கயட்டி மாட்ற பல்லு நம்ம காலத்துல ஏது?" என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழற்றி மாட்டுகிற பல்லை நான் ஏழு வயதிலேயே பார்த்தவள். ஒன்றிரண்டு இல்லை, முப்பத்தாறு பல். ஆனால் அது யார் வாயிலும் இல்லை. திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்த மரம் அறுக்கிற மில்லில், என் அப்பா மேஸ்திரியாக இருந்த வட்ட ரம்பத்தில் இருந்தது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்த ரம்பத்தை நிமிர்த்தி வைத்தால் அம்மா உயரத்துக்கு வரும். விளிம்பைச் சுற்றிலும் பிறை பிறையாக வெட்டியிருக்கும். ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் கட்டைவிரல் அளவில் ஒரு எஃகுப் பல். அது நழுவாமல் இறுக்கிக்கொள்ள, கொக்கி மாதிரி வளைந்த இன்னொரு இரும்புத் துண்டு. மில்லில் அதைப் பிடி என்பார்கள். ஒரு பல் ஒடிந்தால் ரம்பத்தையே தூக்கிப் போட வேண்டியதில்லை. நீளக் கைப்பிடி வைத்த ஒரு சாவியைப் பிடியில் கொடுத்துத் திருப்பினால், பிடியும் பல்லும் ஒன்றாகச் சுழன்று வெளியே வரும். வேறு பல்லை வைத்து மறுபக்கம் திருப்பினால் டொக்கென்று உட்காரும். அந்த டொக் சத்தம் கேட்டால்தான் நைனாவின் முகம் தெளியும்.

தேய்ந்த பல்லை நைனா எறிந்து நான் பார்த்ததில்லை. பாதி தேய்ந்த பற்களுக்கு நடுவில் ஒரு புதுப் பல்லை வைத்தால் அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், மரத்தின் பாரமெல்லாம் அந்த ஒன்றின் மேலேயே விழும், அரை நாளில் ஒடியும். அதனால் எந்த அளவுக்கு மற்றதெல்லாம் தேய்ந்திருக்கிறதோ அதே அளவு தேய்ந்த பழைய பல்லைத்தான் தேடி வைக்க வேண்டும். கழற்றிய பற்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு நைனா வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றைக் கிருஷ்ணாயிலில் ஊறவைத்து, பிசின் போகத் தேய்த்து, நீளவாரியாகப் பிரித்துத் துணியில் முடிந்து வைப்பது அத்தையின் வேலை. ரம்பத்தைக் கண்ணால் பார்க்காமலேயே அதன் பல் ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பல்லை விரலால் தடவி, இது அதற்கு ஜோடி, இது இல்லை என்பாள். எனக்கு அது வித்தை மாதிரி இருக்கும்.

அத்தை என்றால் நைனாவின் ஒரே தங்கை. அப்போது அவளுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கலாம். மாங்காட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்து, ஒரே வருஷத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில், தலைப்பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் தவறிவிட்டது. அதற்கப்புறம் அத்தை சாப்பிடவில்லையாம், பேசவில்லையாம், வாசல் பக்கம் போய்ச் சும்மா நின்றுகொண்டே இருந்தாளாம். யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டாளாம். வீட்டில் எல்லோரும் கூடி, பேய் பிடித்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு வேறென்ன ஆகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு என்றால் ஒரு டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசி அனுப்பியிருப்பாள்.

நம் பக்கத்தில் அந்த நாளில் பேயை எப்படி ஓட்டினார்கள் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவளைப் புளியமரத்தோடு சாய்த்து நிற்க வைப்பார்கள். பூசாரி அவள் உச்சிமுடியில் ஒரு கொத்தை எடுத்து, மரத்தில் வைத்து ஆணி அடிப்பார். பிறகு அந்தக் கொத்தைக் கத்தியால் அறுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நட என்பார். பேய் முடியோடு மரத்திலேயே தங்கிவிடும் என்பது நம்பிக்கை. அத்தைக்கு அப்படி ஆணி அடித்தது பாரிவாக்கத்துக்குப் போகிற ரோட்டில், வளைவில் நின்ற பெரிய புளியமரத்தில். அதன் பிறகும் புருஷன் வீட்டார் அவளை அழைத்துப் போக வரவில்லை. எங்கள் வீட்டிலும் அவளுக்கென்று சட்டங்கள் இருந்தன. தனியாகக் கிணற்றுக்குப் போகக் கூடாது, தலைவிரித்து உட்காரக் கூடாது, அந்த வளைவுப் பக்கம் கால் வைக்கவே கூடாது. அவள் அதற்கெல்லாம் பழகிப்போயிருந்தாள். அவள் உச்சியில், இழுத்து வேர் பிய்ந்த அந்த ஒரு இடத்தில் மட்டும் முடி குட்டையாக நிற்கும், எண்ணெய் வைத்தாலும் படியாது.

அது வெள்ளைக்காரன் காலம். எங்கோ சண்டை நடந்தது. எங்களுக்கு அது தெரிந்ததெல்லாம் ஆவடியில் வந்து இறங்கிய பட்டாளமும், நாள் முழுக்க ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு போன லாரிகளும்தான். பட்டாளத்துக்குச் சாமான் கட்டி அனுப்ப மரப்பெட்டி வேண்டும், கொட்டகைக்குப் பலகை வேண்டும் என்று மில் ஓய்வில்லாமல் ஓடியது. கூடவே லாரிக்கு இடம் பண்ண ரோட்டோரத்து மரங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். வழக்கமாகப் புளியமரத்தை யாரும் பலகை அறுக்க மாட்டார்கள், உலக்கைக்கும் செக்குக்கும்தான் போகும். அந்த வருஷம் மரம் என்று எது கிடைத்தாலும் மில்லுக்கு வந்தது. கிளை கழித்து, அடியும் நுனியும் வெட்டி, மாட்டுவண்டியில் வந்து இறங்கினால் எந்த மரம் எந்த இடத்து மரம் என்று யாருக்குத் தெரியும்?

அன்று நான் நைனாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். தூக்குச்சட்டியை மரத்தூள் மேல் வைத்துவிட்டு, தூளில் காலை விட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். புதுத் தூள் வெதுவெதுப்பாக இருக்கும், புளியமரத்துத் தூளில் ஒரு புளிப்பு வாசனை வேறு. தண்டவாளத்தில் ஓடுகிற தள்ளுவண்டியில் மரத்தை வைத்து ரம்பத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நைனா பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ரம்பத்தின் பாட்டு திடீரென்று மாறி, காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு அலறல். பட் பட்டென்று எதுவோ கூரைத் தகரத்தில் போய் அடித்தது. எஞ்சினை நிறுத்துங்கள் என்று யாரோ கத்தினார்கள். நைனா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்து தூளில் சொட்டியது.

தெறித்த பல் ஒன்று அவர் புறங்கையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள். அதற்குள் வண்டிக்காரர் மரத்தின் வெட்டுவாயில் குனிந்து பார்த்தார். மரத்துக்குள் ஆணிகள். கொல்லன் அடித்த நீள ஆணிகள், பட்டை வளர்ந்து மூடி, சுற்றிலும் மரம் மை கொட்டினாற்போலக் கறுத்திருந்தது. பாதி அறுபட்டு நின்ற ஒரு ஆணியில் முடி சுற்றியிருந்தது. வண்டிக்காரர் இரண்டு அடி பின்னால் போனார்.

"இது பாரிவாக்கம் வளைவு மரம்பா," என்றார். "நான்தான் ஏத்திகினு வந்தேன்."

பிறகு ஒரு ஆள், நைனாவைப் பார்க்காமல், "மேஸ்திரி தங்கச்சிக்கு அடிச்ச மரந்தானே," என்றான். "வெளிய வந்துட்ச்சி. வந்தவொடனே அண்ணன் கையத்தான் புடிச்சிகீது."

சாப்பாட்டு நேரத்துக்குள் மில் காலியாகிவிட்டது. ஏழு பல் போன ரம்பமும், பாதி அறுத்த மரமும், முதலாளியும், நைனாவும், நானும்தான் மிச்சம்.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா அத்தையை உள்ளே உட்கார வைத்து, சுற்றிலும் வேப்பிலையைச் செருகி, கதவைச் சாத்தியிருந்தாள். அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, வயிற்றில் ஒன்று, ரத்தத்தோடு வந்து நிற்கிற புருஷன். பயப்படாமல் என்ன செய்வாள்? தெற்கே ஒரு கோவில் இருக்கிறது, பேய் பிடித்தவர்களை மண்டபத்துத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டிவைப்பார்கள், தானாக வாய் திறந்து போகிறேன் என்று சொன்னால்தான் அவிழ்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். அங்கே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்றாள்.

"எவ்ளோ நாளு கட்டிவெப்பாங்க?" என்று நைனா கேட்டார்.

"அது போற வரிக்கும்."

"போவலன்னா?"

அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது. அதுவரை பார்க்கலாம் என்று நைனா சொன்னார். அந்த ஒன்பது நாளில் அத்தை காரணமில்லாமல் சிரித்தாலோ, அழுதாலோ, சோற்றைத் தள்ளினாலோ, அமாவாசையன்று வண்டி கட்டி ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான் என்று பேச்சானது. கதவுக்கு அந்தப் பக்கம் அத்தை உட்கார்ந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்கிற வேலையை அம்மா எனக்குக் கொடுத்தாள். "அது பக்கத்துலயே குந்திகினு இரு. சிரிச்சா எங்கிட்ட வந்து சொல்லு," என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெரிய மனுஷி வேலை அல்லவா.

அத்தை அந்த நாட்களில் எப்படி இருந்தாள் தெரியுமா? போட்ட சோற்றில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பசியில்லாதபோதும் சாப்பிட்டாள். யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொன்னாள். முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷி தான் மனுஷிதான் என்று காட்டுவதற்கு அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் எனக்கு முன்பல் இரண்டும் ஒன்றாக விழுந்தது. ஓட்டை வாயோடு அத்தையிடம் ஓடி, பிஸ்கட் டின்னிலிருந்து இரண்டு ரம்பப் பல்லை எடுத்து உதட்டுக்குள் செருகிக்கொண்டு, "அத்தே, எனுக்கு மாட்டிவுடு," என்றேன். அத்தை பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். உடனே வாயை மூடிக்கொண்டு கதவைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

சாயங்காலம் அம்மா கேட்டாள்: "சிரிச்சிதா?"

"சிரிச்சிது," என்றேன்.

எதற்குச் சிரித்தாள் என்று அம்மா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனை வயதுக்கு நான் செய்த தப்புகளில் எதை அழித்துவிடலாம் என்று யாராவது கேட்டால் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலையில் முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். பட்டாளத்தார் பலகை கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள், மில் இன்னும் இரண்டு நாள் நின்றால் வேலையை வேறு மில்லுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். ரம்பத்தைத் தொட ஆள் இல்லை. நைனாவுக்குச் சாவியைப் பிடிக்கக் கையில்லை. புதுப் பல் சீமையிலிருந்து வர வேண்டும், கப்பலே வரவில்லை. நைனா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது. "நான் மாட்றேண்ணா."

அம்மா, "இன்னாது?" என்றாள்.

"ஏயு பல்லுக்கும் ஜோடி என் முடிச்சுல கீது. எது எதுன்னு எனுக்குத் தெரியும். நீ பக்கத்துல குந்து, போதும்."

"அந்த மரம் அங்கதான கெடக்குது," என்றாள் அம்மா.

நைனா எழுந்தார். "மில்லு நின்னா நம்ம எல்லாரும் நின்னுடணும்," என்று மட்டும் சொன்னார். அது தைரியமா, வேறு வழியில்லாததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காவலுக்கு நானும் கூடப் போனேன்.

ஆட்கள் எல்லோரும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வேலமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள், ஆனால் ரோட்டைத் தாண்டவில்லை. அத்தை யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். ரம்பத்தின் முன்னால் சிறிது நேரம் நின்றாள். ஐந்து வருஷமாகக் கையால் மட்டும் பார்த்த பற்களை அன்றுதான் வாயோடு பார்க்கிறாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் பல் போன குழி ஏழையும் துணியால் துடைத்தாள். மரத்தூள் துளி ஒட்டியிருந்தாலும் பல் கோணலாக உட்காரும் என்று ஈர்க்குச்சியால் மூலையெல்லாம் சுரண்டினாள். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு வைத்தாள். முடிச்சை அவிழ்த்துப் பற்களைப் பரப்பினாள். நைனா இடது கையால் ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது பக்கத்துப் பல்லவிட ஒரு மயிரு ஒசரம்ணா."

நைனா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆமா," என்றார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பல்லையும் எடுத்து நீட்டவில்லை.

சாவியைத் திருப்ப அவள் பலம் போதவில்லை. எழுந்து நின்று உடம்பின் பாரத்தையெல்லாம் கைப்பிடி மேல் வைத்தாள். சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிடலாமே என்று முதலாளி சொன்னதற்கு அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். டொக். முதல் பல் உட்கார்ந்தது. நைனாவின் முகத்தை நான் பார்த்தேன். ஏழாவது டொக் கேட்கும்போது அத்தையின் உள்ளங்கை தோலுரிந்து போயிருந்தது.

வேலை முடிந்ததும் அவள் நேரே அந்த மரத்தண்டை போனாள். "ஆணி புடுங்குற கம்பி எங்க?" என்றாள்.

"வாணாம்மா," என்றார் நைனா. "அந்தத் துண்ட அறுத்துத் தள்ளிடலாம்."

"ரம்பத்துக்கு ஒயுங்கா வயி பண்ண வாணாமா?"

உளியால் மரத்தைக் கொத்தித் திறந்து ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினாள். ஒன்பது ஆணி வந்தது. ஐந்தாறில் இன்னும் முடி இருந்தது. சிலது துரு ஏறிச் சிவந்து, சிலது கறுப்பு மாறாமல். அவள் அத்தனையையும் மடியில் போட்டுக்கொண்டு தூளில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் பொம்பள முடியாவே கீது," என்றாள். "இதுல எது என்னுதுன்னு தெரிலண்ணா."

நைனா ஒரு ஆணியை எடுத்துப் பார்த்துவிட்டு அவள் மடியிலேயே வைத்தார்.

"என்ன எந்தப் பேயும் புடிக்கல. கொயந்த பூட்ச்சி. அயணும்னு இருந்திச்சி. நீங்க யாரும் அய வுடல. ஆணி அட்ச்சீங்க."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தம் போடாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு, சாதாரணமாக யாரும் அழுகிற மாதிரிதான் அழுதாள். நைனா கட்டுப்போட்ட கையை அவள் தோளில் வைக்கப் போய், எங்கே வைப்பது என்று தெரியாமல் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "தப்புதாம்மா," என்றார். எங்கள் நைனா ஒருத்தரிடம் தப்பு என்று ஒத்துக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தும் அம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை. ஏன் என்று தெரியாது, சொல்லத் தோன்றவில்லை.

பிறகு எஞ்சினை ஓட்டினார்கள். நைனா இடது கையால் பல்லக்குத் தூக்குகிறவர் மாதிரி ஒரு பக்கம் தள்ள, அத்தையும் முதலாளியும் மறுபக்கம் தள்ள, வண்டி நகர்ந்தது. ரம்பம் மரத்துக்குள் இறங்கிப் பழைய பாட்டைப் பாடியது. முதல் பலகை பிரிந்து விழுந்ததும் வண்டிக்காரர் ரோட்டைத் தாண்டி வந்தார். மூன்றாவது பலகைக்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். பேயை விடப் பசிக்குப் பலம் அதிகம் போலிருக்கிறது.

ஆனால் பிரச்னை அதோடு முடியவில்லை. அதே ரோட்டிலிருந்து வந்த புளியமரங்கள் இன்னும் பதினொன்று கிடந்தன. எதில் ஆணி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றையும் முழுக்கக் கொத்திப் பார்த்தால் வருஷம் ஆகும். அத்தைதான் வழி சொன்னாள். "நிக்க வெச்சிதான அடிப்பாங்க. உச்சி எங்க வருதோ அங்கதான் ஆணி. என்ன வெச்சிப் பாருங்க," என்றாள். மரத்தை முழங்கால் உயரம் விட்டுத்தான் வெட்டியிருந்தார்கள். அதனால் அடிப்பக்கத்தில் தன் முழங்காலை வைத்து, மரத்தின் மேல் நீட்டிப் படுத்துக்கொண்டாள். அவள் உச்சி படுகிற இடத்துக்கு ஒரு முழம் முன்னும் பின்னும் நைனா சுண்ணாம்பால் கோடு போட்டார். அந்த இரண்டு கோட்டுக்கு நடுவே சுற்றிக் கொத்திப் பார்த்தார்கள். மூன்று மரத்தில் ஆணி இருந்தது. மூன்றிலும் அது கோட்டுக்குள்ளேயே இருந்தது.

ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். ஆணி அடித்த பூசாரிக்குக்கூட அவ்வளவு திட்டமாகத் தெரிந்திருக்காது. அடி வாங்கியவளுக்குத் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க, மரம் வந்து இறங்கினால், "மேஸ்திரி தங்கச்சியக் கூப்புடு," என்ற பேச்சாகிவிட்டது. முடியையெல்லாம் அத்தை ஒரு துணியில் சுருட்டிக் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட்டாள். ஆணிகளை முதலாளி விடவில்லை. இரும்பு கிடைக்காத காலம், நிமிர்த்திப் பட்டாளத்துப் பெட்டிகளில் அடித்தார்கள். பேயெல்லாம் கப்பல் ஏறிச் சண்டைக்குப் போய்விட்டது என்று நைனா பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. மில்லில் ஒருமுறை அழுதுவிட்ட அத்தைக்கு இப்போது நினைத்த நேரத்தில் அழுகை வந்தது. சோறு பிசையும்போது வந்தது, கோலம் போடும்போது வந்தது. அவள் அதை மறைக்கவுமில்லை. அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. "சிரிச்சிது, இப்ப அயுவுது, இன்னும் இன்னா வேணும்?" என்று நைனாவிடம் கேட்டாள். ரம்பம் எதற்குக் கத்துகிறது என்று ஒரு நொடியில் சொல்லிவிடுகிற நைனாவுக்கு, தங்கை எதற்கு அழுகிறாள் என்று பெண்டாட்டியிடம் எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அமாவாசைக்கு வண்டி சொல்லியாகிவிட்டது.

அமாவாசையன்று காலையில், முந்தின நாள் ஒடிந்த ஒரு பல்லை மாட்ட அத்தை நைனாவோடு மில்லுக்குப் போயிருந்தாள். வண்டி வந்து வாசலில் நின்றது. அம்மா அத்தையின் துணிமணியை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, கிளம்புகிற அவசரத்தில் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அத்தை இனி வர மாட்டாள் என்பது எனக்கு அந்த மூட்டையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"ம்மா," என்றேன். "அன்னிக்கி அத்தே என்னப் பாத்துதான் சிரிச்சிது."

"இன்னாடி?"

"எம் பல்லு வியுந்திச்சில்ல. நான் ரம்பப் பல்ல வாயில வெச்சிகினேன். அதுக்குத்தான் சிரிச்சிது."

சீப்பு நின்றது. "ஏண்டி அன்னிக்கே சொல்லல?"

"நீ கேக்கல."

அம்மா என்னைத் திருப்பி முகத்தைப் பார்த்தாள். என் ஓட்டை வாயைப் பார்த்தாள். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பாதி பின்னிய தலையோடு என்னை இழுத்துக்கொண்டு, மூட்டையையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வண்டியை மில்லுக்கு விடச் சொன்னாள்.

எஞ்சின் ஓடவில்லை. அத்தை ரம்பத்துக்கு முன்னால் குந்தி, சாவியை மாட்டித் திருப்பிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தாரையாக நீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியாததால் தோளால் ஒரு முறை துடைத்துக்கொண்டு மறுபடி திருப்பினாள். நைனா அம்மாவையும் மூட்டையையும் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைக் கையமர்த்தினாள்.

டொக். பல் உட்கார்ந்தது. அத்தை நிமிர்ந்தாள். அம்மாவைக் கண்டதும் பதறி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒண்ணும் இல்ல அண்ணி. ஒண்ணும் இல்ல," என்றாள்.

அம்மா நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக அவளுக்குப் பக்கத்தில் மரத்தூளில் உட்கார்ந்தாள். அந்த ஐந்து வருஷத்தில் அம்மா அத்தைக்குப் பக்கத்தில் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு அம்மா கேட்டாள்.

"கொயந்திக்கிப் பேரு எதுனா நெனச்சி வெச்சிருந்தியா?"

அத்தை அவளையே பார்த்தாள். பிறகு மெல்ல ஒரு பெயரைச் சொன்னாள். அம்மா அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொன்னாள். "நல்ல பேரு," என்றாள். அத்தை குனிந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வெளியே ஸ்டேஷனுக்குப் போக வந்த வண்டிக்காரர் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் அத்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "நீ போய்ட்டு வாய்யா. இங்க யாரும் ஊருக்குப் போவல," என்றாள்.